ஆக நீளமான வரிசையை விட்டுவிட்டு வாருங்கள்: புத்தக விழாவுக்கு முதன்முறை வரும் மாணவர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள உயர்நிலைப் பள்ளித் தம்பி தங்கைகளுக்கு,

வணக்கம். உங்களில் சிலர் பள்ளித் தமிழ் மன்றத்தில் பெயர் கொடுத்துவிட்டு வருகிறீர்கள். சிலர், பிடித்த எழுத்தாளர் சிங்கப்பூருக்கு வருகிறார் என்று தெரிந்ததும் கைச்செலவுப் பணத்தை மிச்சம்பிடித்து வைத்துக்கொண்டு வருகிறீர்கள். இன்னும் சிலரை ஆசிரியர் பேருந்தில் ஏற்றிக் கூட்டிவருகிறார். எங்கே வந்திருக்கிறோம் என்பதே இறங்கிய பிறகுதான் தெரியும். மூன்று தரப்புக்கும் சேர்த்துத்தான் இந்த மடல்.

நான் எழுத்தாளர் இல்லை, பதிப்பாளரும் இல்லை. இதுபோன்ற விழாக்களில் கையெழுத்து வரிசையை ஒழுங்குபடுத்தும் தொண்டூழியர். மேடையில் உட்கார்ந்திருப்பவர்களுக்குத் தெரியாத சில விஷயங்கள், ஓரத்தில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்பவர்களுக்குத் தெரியும். அதில் முக்கியமானதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆக நீளமான வரிசையில் நிற்பதற்காக மட்டும் வராதீர்கள். அன்றைய நாளின் நல்ல பகுதி பெரும்பாலும் ஆள் குறைவான அறையில்தான் நடக்கும்.

இளையர் நூல்களுக்கென்றே நடக்கும் பெரிய விழாக்கள் வெளிநாட்டுச் சரக்கு. அமெரிக்காவின் தென் கரோலினா மாநிலத்தில், சார்ல்ஸ்டன் நகரில் யால்ஃபெஸ்ட் 2011ல் தொடங்கியது. லண்டனில் யால்க் 2014ல் தொடங்கியது. அப்போது பிரிட்டனில் சிறுவர் இலக்கியத்துக்கான கௌரவப் பொறுப்பில் இருந்த மேலரி பிளாக்மன் முன்னின்று ஆரம்பித்தது அது. அங்கே ஒரே இடத்தில், ஒரே வார இறுதியில், எல்லாமே உங்கள் வயதுக்கு. நம் ஊரில் அது பிரிந்து கிடக்கிறது. நவம்பரில் சிங்கப்பூர் எழுத்தாளர் விழா. மே மாத வாக்கில் சிறுவர், இளையர் நூல்களுக்கான ஏஎஃப்சிசி, அதாவது ஆசியச் சிறுவர் உள்ளடக்க விழா. ஏப்ரலில் தமிழ்மொழி விழா. ஒவ்வொன்றிலும் உங்களுக்கான பங்கு கொஞ்சம் உண்டு, அதைத் தேடித்தான் எடுக்க வேண்டும். ஏஎஃப்சிசியில் பல அமர்வுகள் எழுதுபவர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் பெற்றோருக்கும் உரியவை. கட்டணமும் இருக்கும். அதனால் பதிவு செய்வதற்கு முன்னால் யாருக்கான அமர்வு என்று ஒரு வரி படித்துவிடுங்கள்.

வெளிநாட்டுக் காணொளிகளைப் பார்த்துவிட்டு வருகிறவர்களுக்கு ஒரு சின்ன எச்சரிக்கை. அங்கே பதிப்பகங்கள், வெளியீட்டுக்கு முன்பே படித்துப் பார்க்கச் சொல்லி முன்படிகளைக் கொடுப்பார்கள். சிலர் உருட்டுப் பெட்டியோடு வந்து வாரிக்கொண்டு போவார்கள். இங்கே அதை எதிர்பார்க்காதீர்கள். புத்தகக்குறி, ஒட்டுப்படம், சட்டையில் குத்திக்கொள்ளும் பொத்தான், அதிர்ஷ்டம் இருந்தால் ஒரு துணிப்பை. அவ்வளவுதான். ஒருவேளை முன்படி ஒன்று கையில் கிடைத்துவிட்டால், அட்டையில் விற்பனைக்கு அல்ல என்று அச்சிட்டிருப்பதைக் கவனியுங்கள். அதை மறுநாளே கரோசெல் விற்பனைத் தளத்தில் விலைபோட்டு விற்பது நியாயமில்லை. அதிலிருந்து வரிகளை எடுத்து இணையத்தில் போடுவதும் வேண்டாம். அச்சுக்குப் போவதற்குள் அந்த வரியே மாறியிருக்கலாம்.

சரி, நிகழ்ச்சி நிரலுக்கு வருவோம். பந்தியில் உட்கார்ந்தவர் எல்லாவற்றையும் இலையில் வாங்கிவைத்துவிட்டுத் திணறுவதைப்போல, காலை பத்து மணியிலிருந்து இரவு வரை இடைவெளியே இல்லாமல் அமர்வுகளைக் குறித்து வைத்துக்கொண்டு வரும் பிள்ளைகளை ஒவ்வோர் ஆண்டும் பார்க்கிறேன். மதியம் மூன்று மணிக்கு அவர்கள் படிக்கட்டில் உட்கார்ந்து கைப்பேசியைத் தடவிக்கொண்டிருப்பார்கள். ஒரு நாளைக்கு மூன்று அமர்வு போதும். இரண்டு, உங்களுக்கு ஏற்கெனவே பிடித்தவர்கள் பேசுவது. மூன்றாவது, பெயரே கேள்விப்படாத ஒருவர் பேசுவது. அந்த மூன்றாவதை விட்டுவிடாதீர்கள். தெரிந்த எழுத்தாளர் சொல்வதில் பாதியை நேர்காணல்களில் ஏற்கெனவே கேட்டிருப்பீர்கள். தெரியாதவர் சொல்வது எல்லாமே புதிதாக இருக்கும்.

போவதற்கு முன்னால் அந்தத் தெரியாதவரின் புத்தகம் ஒன்றை நூலகத்தில் தேடிப் பாருங்கள். தேசிய நூலக வாரியத்தின் செயலியில் பெயரைப் போட்டால் எந்தக் கிளையில் இருக்கிறது என்று காட்டிவிடும். மின்னூலாக இருந்தால் லிப்பி செயலியில், எம்ஆர்டி ரயிலில் போகும்போதே படிக்கலாம். முழுவதும் படிக்க நேரமில்லை என்றால் முதல் இரண்டு அத்தியாயம் போதும். அதைக்கூடப் படிக்காமல் வருகிறவர்கள்தான் அரங்கில் அதிகம். படித்துவிட்டு வந்த ஒரு பிள்ளை அங்கே தனியாகத் தெரியும்.

எழுத்தாளர் விழா பழைய நாடாளுமன்றக் கட்டடத்தில் நடக்கும்போது ஒரு வாய்ப்பு உண்டு, அதைத் தவற விடாதீர்கள். 1827ல் கட்டிய கட்டடம் அது. 1999ல் நாடாளுமன்றம் பக்கத்துப் புதுக் கட்டடத்துக்கு மாறிய பிறகு, 2004லிருந்து கலைகளுக்கான இடமாகிவிட்டது. உறுப்பினர்கள் உட்கார்ந்து விவாதித்த பழைய அவையிலேயே இப்போது எழுத்தாளர்கள் பேசுகிறார்கள். எந்தத் தலைப்பாக இருந்தாலும் சரி, அந்த அவையில் நடக்கும் ஓர் அமர்வுக்காவது போய் உட்காருங்கள். இடம் குறைவு, சீக்கிரம் நிரம்பிவிடும். அப்புறம் ஒன்று: காப்பிக்கடையில் டிஷ்யூ பாக்கெட் வைத்து மேசை பிடிப்பதுபோல் முன்வரிசையில் ஐந்து நாற்காலிக்குப் பை வைத்து நண்பர்களுக்கு இடம் பிடிக்காதீர்கள். நாங்கள் வந்து எடுக்கச் சொல்வோம். இரண்டு பேருக்கும் சங்கடம்.

பையில் என்ன வைப்பது? கட்டாயம் ஒரு ஜாக்கெட். வெளியே வேர்த்து ஊற்றும், உள்ளே குளிர்சாதனம் எலும்பைத் துளைக்கும். ஜிப் வைத்த பிளாஸ்டிக் உறை இரண்டு, ஏனென்றால் நவம்பரில் பிற்பகல் மழை சொல்லாமல் வரும். துணிப்பையில் வைத்த புத்தகம் ராஃபிள்ஸ் பிளேஸ் நிலையம் போவதற்குள் ஊறிவிடும். தண்ணீர்ப் போத்தல். கைப்பேசிக்கு மின்னேற்றி, அனுமதிச் சீட்டும் கைப்பேசியில், பேநவ் கட்டணமும் கைப்பேசியில், வீட்டுக்கு அழைப்பதும் அதிலேதான் என்று ஆகிவிட்ட பிறகு அது அணைந்துபோனால் நீங்கள் அநாதை. பழகிய காலணி போட்டுக்கொள்ளுங்கள், புதிதாக வாங்கியதை வேறொரு நாளைக்கு வைத்துக்கொள்ளலாம். பணத்தைப் பொறுத்தவரை, புது ஆங்கில இளையர் நாவல் ஒன்று சாதாரணமாக 20 வெள்ளியைத் தொடும். இவ்வளவுதான் செலவு செய்வேன் என்று வீட்டிலேயே முடிவு செய்துவிட்டு வாருங்கள். முதல் கடையிலேயே மொத்தத்தையும் கொட்டிவிட்டு, மாலையில் உண்மையிலேயே வேண்டிய புத்தகத்தை ஏக்கமாகப் பார்த்துக்கொண்டு நிற்கும் முகங்களை நான் நிறையப் பார்த்தாயிற்று. விழா தேசிய நூலகத்தில் நடந்தால் இன்னொரு வசதி உண்டு. எதிரே பிராஸ் பாசா கட்டடத்தில் பழைய புத்தகக் கடைகள் இருக்கின்றன. மீதிச் சில்லறையை அங்கே கொண்டுபோங்கள்.

இப்போது என் இடத்துக்கு, அதாவது கையெழுத்து மேசைக்கு வருகிறேன். வரிசையின் நடுவில் என்னைப்போல் ஒருவர் ஒட்டுத்தாள் கட்டும் பேனாவுமாக வருவார். உங்கள் பெயரைக் கேட்டு எழுதி, புத்தகத்தின் தலைப்புப் பக்கத்தில் ஒட்டுவார். மேலுறை இருந்தால் அதன் உள்மடிப்பை அந்தப் பக்கத்தில் செருகிவைப்பார். எழுத்தாளர் கையில் எடுத்ததும் புத்தகம் நேராக அங்கேயே திறக்க வேண்டும் என்பதற்காக. தயவுசெய்து உங்கள் பெயரை நீங்களே பெரிய ஆங்கில எழுத்தில் எழுதிக் கொடுத்துவிடுங்கள். யாழினி, எழிலன், கயல்விழி போன்ற பெயர்களை அந்தச் சத்தத்தில் காதால் கேட்டு எழுதினால் என்னென்னவோ வரும். எழுத்தாளர் மையால் எழுதிய பிறகு அழிக்கவும் முடியாது. ஆளுக்கு எத்தனை புத்தகம் என்று வரம்பு வைத்திருப்பார்கள். அதை வாசலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். ஏழு புத்தகத்தைச் சுமந்துகொண்டு ஒரு மணி நேரம் நின்றுவிட்டு, இரண்டுக்குத்தான் கையெழுத்து என்று என் வாயால் கேட்டால் உங்களுக்கு என்மேல்தான் கோபம் வரும்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். வரிசையில் 100 பேர், எழுத்தாளருக்கு ஒதுக்கியது ஒரு மணி நேரம். ஆளுக்கு 36 விநாடி. அதற்குள் வணக்கம், பெயர், கையெழுத்து, ஒரு படம், நன்றி. நீங்கள் வீட்டில் ஒத்திகை பார்த்து வைத்த நாலு கேள்வியில் ஒன்றுகூடத் தேறாது. அதனால் கேள்வியை விட்டுவிட்டு ஒரே ஒரு வாக்கியத்தைத் தயார் செய்துகொள்ளுங்கள். உங்கள் எல்லாப் புத்தகமும் எனக்குப் பிடிக்கும் என்பது அவர் அன்றைக்கு முழுவதும் கேட்பது. சிரித்துக்கொண்டே அடுத்த புத்தகத்தை எடுப்பார். அந்தத் தம்பி அம்மாவிடம் பொய் சொல்லும் இடத்தில் புத்தகத்தை மூடிவைத்துவிட்டேன், மறுநாள்தான் திறந்தேன் என்று ஒரு பெண் சொன்னபோது, அதுவரை குனிந்தபடியே கையெழுத்திட்டுக்கொண்டிருந்த எழுத்தாளர் பேனாவை வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்ததை மேசைக்குப் பக்கத்தில் நின்று பார்த்தேன். 36 விநாடி ஒரு நிமிடத்தைத் தாண்டியது. நானும் அவசரப்படுத்தவில்லை.

உங்கள் கதையின் கையெழுத்துப் படியை அந்த மேசையில் நீட்டாதீர்கள். எவ்வளவு நல்லவராக இருந்தாலும் வாங்கிக்கொள்ளத் தயங்குவார்கள். பின்னால் வழக்கு, வம்பு என்று வரும் என்ற பயம் ஒரு பக்கம், நேரமில்லை என்பது இன்னொரு பக்கம். எழுத ஆசைப்படுபவர்கள் தங்கமுனை விருதின் அறிவிப்பைப் பாருங்கள். வெளிவராத படைப்புகளுக்கான போட்டி அது, நான்கு அதிகாரத்துவ மொழிகளிலும் நடக்கிறது, தமிழிலும்தான்.

இனி அந்த ஆள் குறைவான அறையைப் பற்றி. பெரிய அரங்கில் வெளிநாட்டு எழுத்தாளர் பேசும் அதே நேரத்தில், மாடியில் சின்ன அறையில் தமிழ் அமர்வு ஒன்று நடந்துகொண்டிருக்கும். நாற்பது நாற்காலி போட்டிருப்பார்கள். பாதி நிரம்பியிருக்கும், அந்தப் பாதியில் பாதி, பேசுபவரின் நண்பர்களும் உறவினர்களும். வெளியே தமிழ்ப் புத்தக மேசையில் விற்பவர் ஈ ஓட்டிக்கொண்டிருக்கிறார் என்று சொன்னால் கோபித்துக்கொள்வார், ஆனால் பல நேரம் நிலைமை அதுதான். அங்கே போங்கள். தமிழ்ப்பற்றுக்காகப் போகச் சொல்லவில்லை, லாபக் கணக்குப் பார்த்துத்தான் சொல்கிறேன். பெரிய அரங்கில் உங்களுக்குக் கிடைப்பது 36 விநாடி. இங்கே அமர்வு முடிந்த பிறகு எழுத்தாளரோடு இருபது நிமிடம் நின்று பேசலாம். எப்படி எழுதுகிறீர்கள், பதிப்பகம் எப்படிக் கிடைத்தது, வேலைக்கும் போய்க்கொண்டு எப்படி முடிகிறது என்று எதை வேண்டுமானாலும் கேட்கலாம். சிங்கப்பூரில் தமிழில் எழுதுகிற பெரும்பாலோர் பகலில் வேறு வேலை பார்ப்பவர்கள். தாங்கள் எழுதியதை ஒரு பதினைந்து வயதுப் பிள்ளை படித்தது என்று தெரிந்தால் அவர்களுக்கு அதைவிடப் பெரிய விருது இல்லை.

உங்கள் தமிழ் தடுமாறும் என்ற தயக்கம் இருக்கும். இருக்கட்டும். அது வாய்மொழித் தேர்வு அறை இல்லை, யாரும் மதிப்பெண் போடப்போவதில்லை. நடுவில் ஆங்கிலச் சொல் வந்தால் வரட்டும்.

உங்களில் சிலர் உடனே கேட்பீர்கள்: தமிழில் எங்கள் வயதுக்கு என்ன இருக்கிறது அக்கா? நியாயமான கேள்விதான். சிறுவர் கதை நிறைய, பெரியவர்களுக்கான நாவல் நிறைய, நடுவில் உங்களுக்கென்று இருப்பது கொஞ்சம்தான் என்பதே என் எண்ணமும். அந்தக் கேள்வியை என்னிடம் கேட்டுப் பயனில்லை. தமிழ்ப் புத்தக மேசையில் கேளுங்கள், கேள்வி நேரத்தில் எழுந்து மேடையில் இருப்பவரிடம் கேளுங்கள். 2014ல் நியூயார்க்கில் புக்கான் என்ற விழா தன் நட்சத்திர எழுத்தாளர் பட்டியலை வெளியிட்டது; பட்டியலில் இருந்த அத்தனை பேரும் வெள்ளையர். எங்களைப் போன்றவர்கள் எங்கே என்று வாசகர்களும் எழுத்தாளர்களும் சேர்ந்து எழுப்பிய குரல்தான், பலதரப்பட்ட நூல்கள் வேண்டும் என்ற பெரிய இயக்கமாக வளர்ந்து இன்றுவரை தனி அமைப்பாக நடக்கிறது. நம் ஊரிலும் முன்னுதாரணம் உண்டு. கோ. சாரங்கபாணி 1935ல் தொடங்கிய தமிழ் முரசு, 1950களில் மாணவர் மணிமன்ற மலர் என்று மாணவர் எழுத்துக்கெனவே இடம் ஒதுக்கியது. உங்கள் தாத்தா பாட்டி வயதுக்காரர்கள் பள்ளிச் சீருடையில் இருந்தபோது அதில் எழுதிப் பழகினார்கள். பிற்காலத்தில் இங்கே எழுத்தாளர்களாகவும் ஆசிரியர்களாகவும் ஆனவர்களில் பலர் அங்கிருந்து வந்தவர்கள்தான்.

கேள்வி நேரத்தில் ஒலிவாங்கி கையில் வந்தால் ஒரு கேள்வி, ஒரே கேள்வி. உங்கள் வாழ்க்கை வரலாற்றைச் சொல்லிவிட்டுக் கடைசியில் கேள்விக்குறி போடுவது பெரியவர்கள் செய்யும் தவறு, அதை அவர்களுக்கே விட்டுவிடுங்கள். உங்கள் அடுத்த புத்தகம் எப்போது வரும் என்பதையும் விட்டுவிடலாம், அது அவருக்கே தெரியாது.

இன்னொன்றைச் சுற்றிவளைக்காமல் சொல்கிறேன். இளையர் நூல் என்றால் 12 முதல் 18 வயது வரை என்று நூலகர்கள் கணக்கு வைத்தாலும், இந்த விழாக்களுக்கு முப்பது, நாற்பது வயதுக்காரர்களும் நிறைய வருவார்கள். பெரும்பாலோர் உங்களைப்போலவே கதைப் பித்தர்கள், பேசிப் பாருங்கள், நன்றாகத்தான் இருக்கும். ஆனால் பெரியவர் யாராவது தனியாக வரச் சொன்னாலோ, கைப்பேசி எண்ணை விடாமல் கேட்டாலோ, கேட்காமல் தோளில் கைபோட்டுப் படம் எடுத்தாலோ, அவர் மேடையில் பேசிய பிரபலமாகவே இருந்தாலும் சரி, உடனே தொண்டூழியர் ஒருவரிடம் வந்து சொல்லுங்கள். யாரையும் சிக்கலில் மாட்டிவிடுகிறோமோ என்று யோசிக்க வேண்டாம். யோசிப்பது எங்கள் வேலை. அதேபோல் நீங்களும் எழுத்தாளரைப் படம் எடுப்பதற்கு முன் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். பன்னிரண்டு மணி நேரம் விமானத்தில் வந்து இறங்கிய முகத்தை எல்லாருக்கும் காட்டப் பிடிக்காது.

உங்களைக் கூட்டிவரும் ஆசிரியர்களுக்கும் பெற்றோருக்கும் இங்கேயே இரண்டு வரி. ஆசிரியர்களே, பயிற்சித்தாளை அன்றைக்கு மட்டும் பள்ளியிலேயே விட்டுவிட்டு வாருங்கள். பேச்சாளர் சொன்ன மூன்று கருத்துகளை எழுதுக என்று தாளைக் கொடுத்துவிட்டால் பிள்ளைகள் மூன்றாவது கருத்தோடு காதை மூடிக்கொள்கிறார்கள். பெற்றோரே, பிள்ளை வாங்கிய புத்தகத்தைப் புரட்டி, இது தேர்வுக்கு உதவுமா என்று அங்கேயே கேட்காதீர்கள். கடைக்காரர் முகம் மாறுவதை நான் பார்த்திருக்கிறேன். நவம்பர் தொடக்கத்தில் ஓ நிலைத் தேர்வு நடந்துகொண்டிருக்கும் என்பது உண்மைதான். உயர்நிலை நான்கில் இருப்பவர்கள் வரத்தான் வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். அடுத்த ஆண்டும் விழா நடக்கும்.

நடுவில் கூட்டம் தாங்க முடியாமல் தலை சுற்றினால் வெளியே வந்துவிடுங்கள். நூலகக் கட்டடம் என்றால் கீழ்த்தளத்தில் பொது நூலகம் இருக்கிறது, ஒரு மூலையில் போய் உட்காரலாம். அரை அமர்வில் எழுந்து போனால் யாரும் தவறாக நினைக்கமாட்டார்கள், கதவை மட்டும் மெதுவாகச் சாத்துங்கள்.

வெளியே போகும்போது கருத்துப் படிவத்துக்கான கியூஆர் குறியீட்டை நாங்கள் நீட்டுவோம். இருக்கிற அவசரத்தில் ஐந்து நட்சத்திரத்தையும் தட்டிவிட்டு ஓடாதீர்கள். எந்த எழுத்தாளர் வர வேண்டும், எந்தத் தமிழ் அமர்வு பெரிய அரங்கில் நடந்திருக்க வேண்டும், உங்கள் வயதுக்கு எந்தப் புத்தகம் மேசையில் இல்லை என்று பெயர் போட்டு எழுதுங்கள். தமிழிலேயே எழுதுங்கள். அடுத்த ஆண்டுக்கான பட்டியலைப் போட உட்காரும்போது அந்தப் படிவங்கள்தான் எங்கள் பக்கத்து வாதம்.

அன்புடன்,
கையெழுத்து வரிசையில் கயிறு பிடிக்கும் அக்கா

பின்குறிப்பு: நூலகத்தில் இரவல் வாங்கிய புத்தகத்தில் கையெழுத்துக் கேட்காதீர்கள். சிரிக்காதீர்கள், கேட்கிறார்கள். அதற்குப் பதில் ஒரு வெள்ளைத்தாளையோ உங்கள் குறிப்பேட்டையோ நீட்டுங்கள். புத்தகம் வாங்கப் பணமில்லை என்று சொன்னால் மறுத்த எழுத்தாளரை நான் இதுவரை பார்த்ததில்லை.